இடுப்பளவில் போட்ட ஒட்டு

இகில் தாலா,
2 டிசம்பர் 1983

அன்புள்ள தங்கை ஃபெரூஜாவுக்கு,

உன் அண்ணன் மூஹூப் எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், வீடும் நிற்கிறது. இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியைப் பதறாமல் கேட்பாய். நுவாரா, நீ வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தில் நிறுத்தி உன் மாமியாருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடம்மா.

ஆகஸ்டில் வந்த நெருப்பைப் பற்றி அங்கே இருக்கும் ஊர்க்காரர்கள் சொல்லியிருப்பார்கள். அது மேற்குச் சரிவிலும் இறங்கியது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டிருப்பார்கள். உன் ஏழு மரமும் எரிந்துவிட்டன. மூன்று மாதமாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

ஆனால் ஆலிவ் மரம் அவ்வளவு சுலபமாகச் சாவதில்லை. சந்தையில் விவசாய அதிகாரி ஒருவர் கூட்டம் போட்டு, எரிந்த மரங்களைத் தரையோடு வெட்டிவிடுங்கள், வேரிலிருந்து புதுக் குருத்து வரும் என்றார். எங்கள் பள்ளியில் தலை முழுக்கப் பேன் பிடித்த பிள்ளைக்கு மொட்டை அடித்து அனுப்புவோமே, அதுபோல. இரண்டு மாதத்தில் அவன் புதுப் பையனாக வந்து நிற்பான். நானும் என் மகன் ரமதானும் இரவல் வாங்கிய மோட்டார் ரம்பத்தோடு போய் இரண்டே நாளில் ஏழையும் வெட்டி முடித்தோம். இப்போது சரிவு சுத்தமாக இருக்கிறது. வசந்தத்துக்காகக் காத்திருக்கிறேன்.

வலைப் பை ஒன்றில் காய்ந்த அத்திப்பழம் அனுப்பியிருக்கிறேன். பல்லுக்குப் பதமாக ஊறவைத்துச் சாப்பிடு.

உன் நலத்தையே நினைக்கும்
அண்ணன் மூஹூப்


ரூபே, பிரான்ஸ்
9 ஜனவரி 1984

அண்ணாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல நுவாரா எழுதுறா. அழகாக்காம நான் பேசுறபடியே எழுதணும்னு சொல்லிட்டேன். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் எழுத்து சொல்லிக் குடுத்தீங்க, ஒங்க தங்கச்சிக்கு மட்டும் மறந்துட்டீங்க. அதனால ஒங்களத் திட்டணும்னாலும் மருமக கையாலதான் திட்ட வேண்டியிருக்கு.

வெட்டுறதுக்கு என்ன அண்ணா அவசரம்? அப்பா எரிஞ்ச மரத்த வசந்தம் வரைக்கும் தொடமாட்டாரு. எதுவரைக்கும் செத்திருக்கு, எதுவரைக்கும் உசுரு இருக்குன்னு பாத்துட்டுத்தான் ரம்பம் எடுப்பாரு. சரி, வெட்டியாச்சு. வெட்டுனத ஒட்டவைக்க முடியாது.

நான் பயப்படுறது எதுக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். பொண்ணுக்கு மண்ணு குடுக்கிற வழக்கம் நம்ம ஊர்ல இல்ல. அதனாலதான் அப்பா ஊர்ச் சபையில நின்னு, "நெலம் மூஹூபுக்கு, அதுமேல நான் ஒட்டுப் போட்ட ஏழு மரம் ஃபெரூஜாவுக்கு, மரம் நிக்கிற வரைக்கும்"னு சொன்னாரு. மரம் போச்சுன்னா திரும்ப நடுற உரிமை எனக்கு இல்ல. புருஷன் செத்ததும் அவரு வீட்டுக் கதவும் சாத்தியாச்சு. இங்க மகன் வீட்டுல முன்னறை சோபா என் படுக்க. காலையில எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி மடிச்சு வச்சுடுவேன். நுவாரா நல்லவ, அவ எழுதுறாங்கிறதுக்காகச் சொல்லல. ஆனா மடிச்சு வைக்கிறது மடிச்சு வைக்கிறதுதான்.

பேரப்பிள்ளைங்க கொஞ்சம் பெருசானதும் ஊருக்கு வந்துடுவேன் அண்ணா. மரம் இருந்தா, ஃபெரூஜா காய் பறிக்க வந்திருக்கான்னு சொல்வாங்க. மரம் இல்லன்னா, இவ எத்தன நாளைக்கு இருப்பான்னு கேப்பாங்க.

குருத்து வந்ததும் எழுதுங்க. வரலைன்னாலும் எழுதுங்க.

ஒங்க தங்கச்சி
ஃபெரூஜா


இகில் தாலா,
20 மே 1984

அன்புள்ள ஃபெரூஜாவுக்கு,

வந்துவிட்டது. ஏழிலும் வந்துவிட்டது.

முதலில் மூன்றில்தான் வந்தது. மற்ற நான்கின் பக்கம் பத்து நாள் பார்க்காமல் நடந்தேன், பரீட்சைத் தாளில் குறைந்த மதிப்பெண் வாங்கிய பையனின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் நடப்பது போல. நேற்றுக் காலை போனால் ஏழாவது கட்டையைச் சுற்றியும் பச்சை. ஒரு கட்டைக்கு முப்பது நாற்பது குருத்து. அதிகாலையில் பனி அதன் மேல் நிற்பதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எழும்போது முழங்கால் வரவில்லை.

ஆடுகள் வராமல் முள் வெட்டிப் போட்டு ஒவ்வொன்றுக்கும் தனி வேலி கட்டியிருக்கிறேன். உன் அண்ணி, பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படித் தொட்டில் கட்டவில்லை என்கிறாள். அடுத்த குளிரில் கட்டைக்கு நல்லதாக ஐந்து குருத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கலாம் என்று இருக்கிறேன். நீ சரி என்றால்தான்.

இன்று வீட்டில் உன் பெயரில் கூஸ்கூஸ் விருந்து செய்தோம்.

மகிழ்ச்சியோடு
மூஹூப்


ரூபே,
14 அக்டோபர் 1984

அண்ணாவுக்கு,

ஒங்க கடுதாசிய நுவாரா வாசிக்கிறப்ப நான் பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். ஈரக் கையோட அவளக் கட்டிப்பிடிச்சுட்டேன். அவ சட்டையெல்லாம் சோப்பு நுரை. பக்கத்து வீட்டு போலந்துக்காரிகிட்டயும் சொல்லிட்டேன். அவளுக்கு ஆலிவ்னா என்னன்னே தெரியாது, ஆனாலும் கேக் கொண்டாந்து குடுத்தா.

இப்பவே கழிக்காதீங்க. ரெண்டு வருஷம் காடாட்டம் வளரட்டும், வேருக்குச் சாப்பாடு வேணும். அப்புறமா அஞ்சு, அப்புறம் மூணு, கடைசியில ஒண்ணு. அதுவும் காத்து வர்ற பக்கம் பாத்து நிக்கிறத வையுங்க.

இன்னொன்னு கேக்கணும். ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. அப்பா அந்த ஏழையும் காட்டு ஆலிவ் மேலதான ஒட்டுனாரு? ஒட்டுக்கு மேல வர்ற குருத்துதான் நம்ம மரம். கீழ வர்றது காடு, சின்ன எலையும் முள்ளுமா வரும். காட்டு மரம் மண்ணுக்காரனுக்கு, ஒட்டுன மரம் ஒட்டுனவங்களுக்குங்கிறது ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. குருத்து எங்கேருந்து வந்திருக்கு? எலை எப்படி இருக்கு? நுனியில கை வச்சா குத்துதா?

இத மட்டும் எழுதுங்க.

ஃபெரூஜா


இகில் தாலா,
26 பிப்ரவரி 1985

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் தாமதமாக வந்தது. இந்தக் குளிரில் தபால் வண்டி மேலே ஏறவில்லை. பனி இரண்டு முறை விழுந்தது. இரண்டாவது முறை பள்ளிக் கூரையின் ஒரு மூலை இறங்கிவிட்டது. புதிதாக வந்திருக்கும் ஆசிரியர் நல்லவர், ஆனால் பிள்ளைகள் அவரைப் பார்த்துப் பயப்படுவதில்லை. நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் தெருவில் என்னைக் கண்டால் பையன்கள் கையிலிருக்கும் கல்லைக் கீழே போட்டுவிடுகிறார்கள்.

ரமதானுக்குப் பெண் பார்த்தாகிவிட்டது. தெற்குத் தெருவில், நல்ல குடும்பம். இந்த வீடு அவர்களுக்குப் போதாது. மேற்குச் சரிவில் ஒரு பக்கமாக இரண்டு அறை கட்டலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். இளவயதுப் பேச்சுதான், இன்னும் ஒன்றும் முடிவில்லை. உன் அண்ணிக்கு மூட்டுவலி. கிணற்று நீர் சுவை மாறிவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

மரங்கள் நன்றாக வளர்கின்றன. என் இடுப்புக்கு வந்துவிட்டன. வேலியில் கட்டியிருப்பது முள் என்பதால் பக்கத்தில் போனால் கையில் குத்தத்தான் செய்கிறது.

குளிரில் காதை மூடிக்கொள். நுவாராவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்.

மூஹூப்


ரூபே,
22 ஏப்ரல் 1985

அண்ணாவுக்கு,

ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. கூரை, பனி, கிணறு, சம்பந்தம் எல்லாம் வந்துடுச்சு. ரமதானுக்கு என் வாழ்த்து.

நான் வேலிய கேக்கல அண்ணா.

ஒரு குச்சி ஒடிச்சு அனுப்புங்க. ஒங்களுக்கு எழுதக் கஷ்டமா இருந்தா எலையே பேசிக்கட்டும்.

ஃபெரூஜா


இகில் தாலா,
11 ஜூன் 1985

அன்புள்ள ஃபெரூஜாவுக்கு,

இத்துடன் கேட்டது இருக்கிறது. கசங்காமல் இருக்க அட்டைக்குள் வைத்திருக்கிறேன். இலை நீளமாக, அகலமாக இருப்பதைப் பார். கவலைப்படாதே.

மூஹூப்


ரூபே,
3 செப்டம்பர் 1985

அண்ணாவுக்கு,

குச்சி வந்துச்சு. நல்ல எலை. கீழ்ப்பக்கம் வெள்ளி மாதிரி. மோந்து பாத்தா நம்ம ஊரு. மூணு நாள் ஜன்னல்ல வச்சிருந்தேன். போறவங்க வர்றவங்ககிட்டயெல்லாம் காமிச்சேன்.

நாலாவது நாள் தொடைக்கிறதுக்காகக் கையில எடுத்தேன். அடிப்பக்கம், எலைக்குப் பக்கத்துல, ஒரு காஞ்ச காய்க்காம்பு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

ஒரு வயசுக் குருத்து காய்க்குமா அண்ணா?

ஒங்க வீட்டுக்குப் பின்னாடி நிக்கிற மரத்துல ஒடிச்சீங்களா?

நுவாரா எழுதமாட்டேங்குறா, பெரியவங்ககிட்ட இப்படிக் கேக்கக்கூடாதுங்குறா. நான்தான் எழுதுன்னேன். அவமேல கோவப்படாதீங்க.

ஃபெரூஜா


இகில் தாலா,
28 நவம்பர் 1985

ஃபெரூஜாவுக்கு,

ஆமாம். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்தில்தான் ஒடித்தேன்.

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளிடம், செய்த தப்பை ஒப்புக்கொண்டால் பாதி அடி குறையும் என்று சொல்லி வந்தேன். என் முறை வந்தபோது காகிதத்தில் பனியையும் கிணற்றையும் எழுதினேன். இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

அப்பா இடுப்பளவில் ஒட்டுப் போடுவார். ஆட்டின் வாய் எட்டாத உயரம் வேண்டும் என்பதற்காக. வேறு ஊர்களில் தரையோடு ஒட்டுகிறார்கள், சில இடங்களில் ஒட்டே இல்லாமல் கிளையை நட்டே வளர்க்கிறார்கள். சந்தையில் கூட்டம் போட்ட அதிகாரி அந்த மரங்களை மனதில் வைத்துச் சொன்னார். அவர் சொன்னது அவற்றுக்குச் சரி. நம் சரிவில் தரையோடு வெட்டினால் அப்பாவின் மரம் முழுவதும் போய், கீழே இருக்கும் காட்டு மரம் மட்டும் மிஞ்சும். எனக்கு இது தெரியாதா? அப்பா கத்தியை வைக்கும்போது பக்கத்தில் களிமண் பிசைந்து கொடுத்தவன் நான்.

வெட்டிய அன்று முதலில் ஒவ்வொரு மரத்தையும் மார்பளவில் சாய்த்தோம், பிறகு தரையோடு எடுத்தோம். முதல் நான்கும் உள்ளே வரை கரி. ஐந்தாவதைச் சாய்க்கும்போது, ஒட்டு முண்டுக்கு ஒரு சாண் மேலே, ரம்பத்தூள் ஈரமாக வந்தது. ரமதான் ரம்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "என்னப்பா, இங்க உசுரு இருக்கே" என்றான். அவன்தான் கேட்டான், ஃபெரூஜா. நான் கேட்கவில்லை. நான், "ஆரம்பிச்சத முடி. தரையோட எடு" என்றேன். ஆறாவதும் ஏழாவதும் ஈரமாகத்தான் வந்தன.

வகுப்பில் ஒரு பையன் இருந்தான், யூசெஃப் என்று. நோட்டில் மைக்கறை விழுந்துவிட்டால் அந்தத் தாளை அப்படியே கிழித்துவிடுவான். தைத்த நோட்டு அல்லவா, மறுபாதியில் சுத்தமாக எழுதிய தாளும் சேர்ந்து கழன்றுவிடும். ஏனடா இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால், "கறை கண்ணுல படக்கூடாது சார்" என்பான். நானும் அந்தக் கரியைப் பார்க்க முடியாமல்தான் கிழித்தேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, செப்டம்பரிலேயே, அந்தச் சரிவில் வீடு கட்டினால் காற்று நன்றாக வரும் என்று ரமதான் சொல்லியிருந்தான். அந்த நேரம் அது என் மனதில் இருந்ததா இல்லையா என்று என்னையே கேட்கிறேன். பிள்ளைகளை நிற்கவைத்துக் கேட்பது போலக் கேட்கிறேன். இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

போன வருடக் கடைசியிலேயே இலை சின்னதாக, நுனி முள்ளாக மாறத் தொடங்கியது. ஒருநாள் விறகுக் கழுதையோடு போன ஸ்மீனா நின்று பார்த்துவிட்டு, "வாத்தியாரே, முள்ளுக்கு முள்ளு வேலி கட்டுன ஆளு இந்த மலையிலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். நானும் சிரித்தேன். குத்துகிறதா என்ற உன் கேள்வி அவள் சொல்வதற்கு முன்பே என் சட்டைப் பையில் இருந்தது.

பிறகு சபைக்குப் போனேன். பக்கத்துத் தோட்டத்தில் அப்பா ஒட்டிய அதே இனம் நிற்கிறது, குச்சி தருவார்கள். ஏப்ரலில் பட்டை எளிதாக உரியும் பருவத்தில் நான் ஒட்டுப் போடுகிறேன், மரம் என் தங்கை பெயரில் இருக்கட்டும் என்று கேட்டேன். சபைப் பெரியவர், "வாத்தியாரே, காட்டு மரம் மண்ணுக்காரனுக்கு. ஒட்டுனா, ஒட்டுன கைக்கு. எங்க பசங்களுக்கு இலக்கணம் சொல்லிக் குடுத்தவரு நீங்க. இதுல எங்க இருக்கு விதிவிலக்கு?" என்றார். என் தங்கையே வந்து அவள் கையால் ஒட்டினால்? என்று கேட்டேன். சபை சிரித்தது. பெண் கத்தி பிடித்தால் கழுதை கணக்கு எழுதும் என்று ஒருவன் சொன்னான், அதற்கும் சிரித்தார்கள்.

ரமதானும் அங்கே இருந்தான். கெட்ட மனதோடு அவன் சொல்லவில்லை. "அத்த வரட்டும், இருக்கட்டும். விருந்தாளிய யாரு தொரத்தப்போறா" என்றான். நான் அவனை அடித்திருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன்.

ஒட்டினால் அவை என் மரங்கள் ஆகிவிடும். ஒட்டாவிட்டால் காடாகவே நிற்கும். ஒட்டினால், நான் உயிரோடு இருக்கும்வரை அவற்றில் வரும் எண்ணெய் முழுவதும் உனக்கு அனுப்புகிறேன். அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. என்ன செய்யட்டும் சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

மூஹூப்


ரூபே,
17 ஜனவரி 1986

அண்ணாவுக்கு,

நுவாரா ஒங்க கடுதாசிய ரெண்டு தடவ வாசிச்சா. மூணாவது தடவ வேணாம்னுட்டேன்.

மனசுல இருந்துச்சா இல்லையான்னு கேட்டுக்கிட்டே இருக்கிறதா எழுதியிருக்கீங்க. எனக்கு அந்தப் பதில் வேணாம். இருந்துச்சுன்னாலும் மரம் வராது, இல்லன்னாலும் வராது. இல்லன்னு நீங்க சொல்லிட்டா, பரவாயில்லண்ணான்னு நான் ஒங்களத் தேத்தணும். இப்ப எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல.

ரமதான் கேட்டான்னு எழுதுனீங்க பாருங்க, அது நல்லது. அவன் ரம்பத்த நிறுத்துனான். அவன்மேல எனக்கு ஒண்ணுமில்ல. வீடு கட்டட்டும்.

ஏப்ரல்ல ஒட்டுப் போட்டுடுங்க. சும்மா விட்டா மரத்துக்குத்தான் பாவம். ஒங்க கையால போடுங்க, ஒங்க மரமா இருக்கட்டும். எண்ணெய் அனுப்ப வேணாம். அது வந்தா நான் பக்கத்து வீட்டுக்காரிகிட்ட யாரு மரத்து எண்ணெய்னு சொல்லிக் குடுப்பேன்?

(மாமியார் இங்கே எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தார். — நுவாரா)

இங்க நம்ம ஊர்க்காரங்களோட காபிக் கடையில ஒரு பட்டியல் இருக்கு. அதுல பேரு இருக்கிறவங்க செத்தா, எல்லாருமாச் சேந்து ஒடம்ப ஊருக்கு அனுப்பி, நம்ம மண்ணுல பொதைக்க ஏற்பாடு பண்ணுவாங்க. நான் வந்த வருஷமே எம்பேரையும் சேத்தாச்சு. நேத்து போயி அடிச்சிடுங்கன்னு சொன்னேன். பட்டியல் வச்சிருக்கிறவரு பேனாவக் கையில வச்சுக்கிட்டே, "ஊருக்குப் போகாம எங்க போவீங்கம்மா?"ன்னு கேட்டாரு. இங்கதான்னு சொன்னேன். டவுன் கல்லறையில நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு மூலை குடுத்திருக்காங்க. போயி பாத்தேன். வெறும் புல்லுதான், மரம் ஒண்ணும் இல்ல. ரோட்டுச் சத்தம் கேக்குது.

கொஞ்ச நாளைக்கு வந்துட்டுப் போற விருந்தாளின்னா சரி அண்ணா. அங்கயே வந்து படுத்துக்கிறதுக்கு விருந்தாளிய யாரு கூப்புடுவா.

அவரு ரெண்டு கோடு போட்டு அடிச்சாரு. எம்பேரு எப்படி எழுதியிருக்கும்னு அப்பத்தான் பாத்தேன்.

ஊர்ல யாரும் கேட்டா, ஃபெரூஜா வரலைன்னு மட்டும் சொல்லுங்க. காரணம் சொல்ல வேணாம். ஒங்களுக்கும் வயசாச்சு, ஒடம்பப் பாத்துக்குங்க.

ஃபெரூஜா